கச்சான் செய்கை: மருந்துப் போத்தலுக்கு முன் மண்ணைப் பாருங்கள்

(மேட்டுநிலப் பயிர்ச்செய்கை பற்றிய கிராமக் கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரை)



உங்கள் காணிக்குத் திரும்பி வந்து, பற்றை வெட்டி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து ஒரு நிலைக்கு வந்திருக்கிறீர்கள். இனி வரும் கேள்வி, இந்த மாரிக்கு என்ன விதைப்பது என்பதுதான். வயல் செய்வதென்றால் குளமும் வாய்க்காலும் திருத்தப்பட வேண்டும். தென்னை வைத்தால் காய்க்க வருடங்கள் செல்லும். மேட்டுக்காணி உள்ள குடும்பத்துக்கு மூன்று, மூன்றரை மாதத்தில் கையில் காசு தரக்கூடிய பயிர்களில் ஒன்று கச்சான். முள்ளியவளை, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆட்களுக்குக் கச்சானைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் தாய் தகப்பன் செய்த பயிர்தான்.

ஆனால் இப்போது நிலைமை வேறு. முன்பு ஒரு போகம் பிழைத்தால் வீட்டில் மாடு இருந்தது, நெல் இருந்தது, நகை இருந்தது. இப்போது பலருக்கு இருப்பது உதவியாகக் கிடைத்த விதைகச்சானும் இரண்டு கைகளும்தான். விதை ஒருமுறைதான் கிடைக்கும். அதை விதைத்துவிட்டு, இலையில் நாலு ஓட்டை கண்டவுடன் கடனுக்கு மருந்து வாங்கினால், அறுவடையில் ஒரு பங்கு காணியை விட்டு வெளிக்கிடுமுன்பே கடைக்குப் போய்விடும்.

ஆகவே ஒரு விடயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சானில் வரும் பூச்சி, நோய்த் தொல்லைகளில் பெரும்பங்கு மண்ணிலும் விதையிலுமே தொடங்குகிறது. அந்த இரண்டையும் முதலில் சரிசெய்தால், போத்தல் வாங்க வேண்டிய தேவை நன்றாகக் குறையும். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் முதல் பாதுகாப்பு

இயற்கைப் பசளை என்றவுடன் காட்டோரத்தில் குழை வெட்டுவோம், புற்றுமண் எடுப்போம், இலைச்சருகு அள்ளுவோம் என்று தோன்றும். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே அதைச் செய்யுங்கள். மண்டை ஓட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகைக்கோ அடையாளமிட்ட நாடாவுக்கோ அப்பால் ஒரு கட்டுக் குழைக்காகவும் கால் வைக்க வேண்டாம். பழைய மண் அணைகளையும் மூடிக்கிடக்கும் பதுங்குகுழிகளையும் நீங்களாக வெட்டிச் சமப்படுத்த வேண்டாம். மண்வெட்டியில் உலோகம் ஏதாவது தட்டுப்பட்டால் அதைத் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். குழை சேர்க்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம்.

சும்மா கிடந்த காணி ஒரு சேமிப்பு

பல வருடம் பயிரிடாமல் காணி பாழாய்ப் போய்விட்டதே என்று பலர் கவலைப்படுகிறீர்கள். கொஞ்சம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். பற்றை வளர்ந்த இடத்தில் மேல்மண் கறுத்து, பொலபொலவென்று இருக்கும். உதிர்ந்த இலையும் செத்த வேரும் அத்தனை வருடமாக அங்கே உக்கிச் சேர்ந்திருக்கின்றன. அது நீங்கள் இல்லாத காலத்தில் காணி சேர்த்து வைத்த பணம்.

அதை ஒரே நாளில் இழக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டோசர் போட்டு மேல்மண்ணோடு சேர்த்து எல்லைக்குத் தள்ளுவது. டோசர் வந்தால், மரமும் கட்டையும் மட்டும் போகட்டும், மண்ணைச் சுரண்ட வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். மற்றது, வெட்டிய எல்லாவற்றையும் குவித்து எரிப்பது. எரித்தால் சாம்பல் கிடைக்கும், அது ஒரு போகத்துக்கு உதவும். ஆனால் உக்கி மண்ணாக வேண்டிய இலை புகையாகப் போய்விடும். தடித்த கட்டையையும் முள்ளையும் விறகுக்கும் வேலிக்கும் எடுத்துவிட்டு, இலையையும் மென்மையான கொப்பையும் கூட்டெருவுக்குச் சேருங்கள்.

மண் அணை இருந்து சமப்படுத்திய இடத்தில் அடிமண் மேலே வந்திருக்கும். அது வெளிறி, இறுகிக் கிடக்கும். அந்தத் துண்டில் முதல் மாரியில் கச்சானை எதிர்பார்க்க வேண்டாம். சணலோ வேறு பசுந்தாள் பயிரோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். அடுத்த போகத்துக்கு மண் இளகும்.

அரைகுறையாக உக்கிய எரு கறையானை அழைக்கும்

கச்சான் செய்பவர்களின் முதல் முறைப்பாடு கறையான். கறையான் வாடியதையும் காய்ந்ததையும்தான் முதலில் தேடி வரும். பச்சைச் சாணி, உக்காத வைக்கோல், மரக்கட்டைத் துண்டு ஆகியவற்றை விதைக்கும் நேரத்தில் மண்ணுக்குள் போட்டால் நாமே அதற்குச் சாப்பாடு வைத்ததாகிவிடும். அது தீர்ந்தபின் கச்சானின் வேருக்கும் கோதுக்கும் வரும். ஆகவே எரு நன்றாக உக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாணி மணம் போய், மழை பெய்த மண்ணின் மணம் வர வேண்டும்.

கூட்டெருவுக்கு நிழலான இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகும் வைக்கோலும், அதன் மேல் பச்சைக் குழை, அதன் மேல் சாணிக் கரைசல், கொஞ்சம் மேல்மண் என்று அடுக்கடுக்காக இடுப்பளவுக்குக் கட்டுங்கள். மேலே கிடுகால் மூடுங்கள். பிழிந்த துணிபோல ஈரம் இருந்தால் போதும். இரண்டு, மூன்று கிழமைக்கு ஒருமுறை கிளறிப் புரட்டினால் மூன்று மாதமளவில் எரு தயாராகும். ஐப்பசி மழைக்கு விதைப்பவர்கள் ஆடியிலேயே குவியல் போட வேண்டும்.

மாடு இல்லாதவர்கள் என்ன செய்வது? வேலியில் கிளிசரிடியா நட்டிருந்தால் அதன் குழை நல்ல தழைப்பசளை. பூவரசம் குழையும் உதவும். விதைப்புக்கு இரண்டு, மூன்று கிழமைக்கு முன் குழையை மண்ணில் புரட்டிவிடுங்கள். ஊரில் மாடோ ஆடோ வைத்திருப்பவருடன் பேசி, கோடையில் உங்கள் காணியில் சில இரவுகள் பட்டி கட்டச் சொல்லுங்கள். அது நம் ஊர்களின் பழைய முறை. சாணியும் சலமும் காசில்லாமல் மண்ணுக்குச் சேரும். எரு குறைவாக இருந்தால் காணி முழுவதும் தூவாமல், விதைக்கும் சாலுக்குள் மட்டும் போடுங்கள்.

யூரியா அள்ளிப் போடத் தேவையில்லை. கச்சான் அவரை இனத்துப் பயிர். அதன் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் பக்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு எடுத்துக் கொடுக்கும். விதைத்து ஒரு மாதமானதும் ஒரு செடியை மண்ணோடு கிளப்பி, முடிச்சை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. யூரியா கூடினால் இந்த முடிச்சுகள் குறையும், செடி கொழுத்து இலை மென்மையாகும், சாறு உறிஞ்சும் பூச்சிகளும் கூடும். காசு கொடுத்துப் பூச்சியை வாங்கிய கதையாகும்.

கச்சானுக்குக் கட்டாயம் வேண்டியது கல்சியம். காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாக அல்ல, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகிறது. அது குறைந்தால் கோது இருக்கும், உள்ளே பருப்பு இராது. மணல் காணிகளில் இந்தக் குறை அதிகம். ஜிப்சம் கிடைத்தால் பூக்கத் தொடங்கும்போது செடியின் அடியில் தூவி மண் அணையுங்கள். அளவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். செடியின் தண்டிலிருந்து இறங்கும் விழுதுகள் மண்ணுக்குள் போய்த்தான் காய் பிடிக்கும். எனவே மண் அணைப்பதும் களை பிடுங்குவதும் விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குள் முடிய வேண்டும். அதன் பிறகு மண்வெட்டி போட்டால் விழுது அறுந்துவிடும்.

விதை

உதவியாகக் கிடைத்த விதையில் சிவப்போ பச்சையோ நிறம் பூசியிருந்தால் அது மருந்திட்ட விதை. எவ்வளவு கழுவினாலும் வறுத்தாலும் அவித்தாலும் அதைச் சாப்பிடக் கூடாது. கோழிக்கும் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கோதோடு கிடைத்தால் விதைப்பதற்குச் சில நாளுக்கு முன் கையால் உடையுங்கள். தடியால் அடித்தால் பருப்பின் தோல் கிழியும். கிழிந்த தோல் வழியாகத்தான் பூஞ்சணம் புகுந்து முளையை அழுக வைக்கும். சுருங்கியது, உடைந்தது, கறை பிடித்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஒரு கிழமையில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. குறைந்தால் அதற்கேற்பக் கூட்டி விதைக்க வேண்டும்.

வரிசைக்கு வரிசை 45 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15 சென்ரிமீற்றர் என்பது வழக்கமான இடைவெளி. ஏக்கருக்கு ஏறக்குறைய 40 கிலோ பருப்பு தேவைப்படும். பக்கத்துக் காணிக்காரர்களும் ஒரே கிழமையில் விதைப்பது நல்லது. முன்னும் பின்னுமாக விதைத்தால், பூச்சி ஒரு காணியில் பெருகி அடுத்ததற்குத் தாவும். காட்டுப்பன்றிக்கு இரவுக் காவல் வைப்பதும் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தால்தான் இலகு.

கிழமைக்கு ஒருமுறை காணியைப் பாருங்கள்

முளைத்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருநாள் காலையில் காணியைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாருங்கள். ஐந்து இடத்தில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் பத்துச் செடியின் இலையை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். இந்த வேலைக்கு மெசினும் வேண்டாம், பலமும் வேண்டாம். தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களும் வயதானவர்களும் இதைச் செய்யலாம்.

இலையில் ஓட்டை இருப்பதெல்லாம் நட்டமல்ல. கச்சான் புதிதாக இலை விட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பயிர். ஐந்தில் ஒரு பங்கு இலை போகுமுன் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். புழுவின் முட்டைக் கூட்டமோ குஞ்சுப் புழுக்கள் மொய்த்த இலையோ கண்டால் அந்த இலையைக் கிள்ளி, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். காணியின் ஓரத்தில் இடையிடையே ஆமணக்கு நட்டால் வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி அதன் பெரிய இலையில் விரும்பி முட்டையிடும். தேடி அழிப்பது சுகம். ஆனால் ஆமணக்கு விதை நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்காதபடி காயை முற்றவிடாமல் வெட்டிவிடுங்கள்.

மழைக்குப் பின் மயிர்க்கொட்டியின் அந்துப்பூச்சிகள் கிளம்பினால், இருட்டியதும் ஒரு தாச்சியில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் கல் வைத்து, கல்லின் மேல் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வையுங்கள். விளக்குக்கு வரும் பூச்சி தண்ணீரில் விழும். ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்தால் போதும்.

காணியில் உங்களுக்காக வேலை செய்பவர்களையும் அறிந்துகொள்ளுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள பொறிவண்டும் அதன் குஞ்சும் அழுக்கணவனைத் தின்னும். சிலந்தியும் குளவியும் புழுவைப் பிடிக்கும். கரிக்குருவியும் மைனாவும் வந்திருக்க ஆளுயரத் தடியில் குறுக்குக் கம்பு கட்டி, அங்கங்கே ஊன்றிவிடுங்கள். கடுமையான மருந்தை அடித்தால் முதலில் சாவது இவைதான். அதன் பிறகு வரும் பூச்சிக்கு எதிரி இல்லை. அதனால்தான் ஒருமுறை அடித்தவர் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டி வருகிறது.

வேப்பம் விதைக் கரைசல்

பார்த்துக்கொண்டு வரும்போது பூச்சி கூடிக்கொண்டே போனால், முதலில் எடுக்க வேண்டியது வேம்பு. வேப்பம்பழம் உதிரும் காலத்தில் விதையைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் போகும் சாக்கில் கட்டி வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த விதை உதவாது.

பத்து லீற்றர் கரைசலுக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். உரலில் இடித்துத் தூளாக்கி, துணியில் கட்டி, கொஞ்சத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் வெளிறிய பால்போல வரும்வரை நன்றாகப் பிழிந்து, வடித்து, பத்து லீற்றராக்குங்கள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துச் சேருங்கள். வெயிலில் இதன் சக்தி கெட்டுவிடும். ஆகவே பின்னேரம் அடியுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். மெசின் இல்லாவிட்டால் வேப்பங்கொத்தால் தெளிக்கலாம். கரைத்த அன்றே பாவித்து முடியுங்கள். மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும்.

அடித்த மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வேம்பு உடனே கொல்வதில்லை. புழு தின்பதைக் குறைக்கும், தோல் உரிக்க முடியாமல் சில நாளில் சாகும். ஏழு, பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள், தேவையென்றால் மட்டும் தெளியுங்கள். பிழிந்த சக்கையை எறியாமல் கறையான் உள்ள இடத்தில் மண்ணோடு கலந்துவிடுங்கள். வேப்பம் புண்ணாக்குக் கிடைத்தால் விதைக்கும் சாலில் போடலாம்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து தேவைப்பட்டால், கடைக்குப் போகுமுன் பாதிக்கப்பட்ட செடியைப் பிடுங்கிக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். பூச்சிக்கு அடிக்கும் மருந்து நோய்க்குக் கேட்காது. எது என்று தெரியாமல் அடிப்பது காசைத் தண்ணீரில் போடுவது. மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள். வெறும் போத்தலை எதற்கும் பாவிக்க வேண்டாம். கிணற்றடியில் மெசினைக் கழுவவும் வேண்டாம்.

அறுவடையும் உலர்த்தலும்

சில செடியைக் கிளப்பிக் காயை உடைத்துப் பாருங்கள். பத்தில் ஏழு கோதின் உட்புறம் கபிலமாகக் கறுத்திருந்தால் பிடுங்கலாம். முற்றியதைக் காணியில் விட்டுவைத்தால் கறையான் கோதைத் துளைக்கும், மழை வந்தால் முளைத்துவிடும். பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியக் கவிழ்த்து இரண்டு, மூன்று நாள் வெயிலில் விடுங்கள். பிறகு காயை ஆய்ந்து, வெறும் நிலத்தில் போடாமல், தறப்பாளிலோ பாயிலோ பரப்பி உலர்த்துங்கள். ஆட்டினால் உள்ளே பருப்புக் கலகலவென்று கேட்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் கழர வேண்டும்.

இதில் அவசரப்பட வேண்டாம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் வரும். அது உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுதாக அழியாது. பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பிள்ளைகளுக்கும் கோழிக்கும் கொடுக்காமல் எரித்து அல்லது புதைத்துவிடுங்கள்.

முழுவதையும் வியாபாரிக்கு அளக்குமுன் அடுத்த விதைப்புக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். நோயில்லாத செடிகளின் நிறைந்த காய்களை, கோது உடைக்காமல், நன்றாக உலர்த்தி, நிலத்திலிருந்து உயர்த்திய பலகையில் வையுங்கள். ஒரு ஏக்கருக்குக் கோதோடு 60 கிலோ அளவில் வேண்டும். இந்த மூட்டை வீட்டில் இருந்தால் அடுத்த மாரிக்கு யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை.

கச்சான் செய்த துண்டில் திரும்பவும் உடனே கச்சான் வேண்டாம். இலைப்புள்ளியும் வேரழுகலும் பழைய சருகிலும் மண்ணிலும் தங்கி நிற்கும். அடுத்த முறை குரக்கனோ சோளமோ எள்ளோ போடுங்கள். கச்சான் விட்டுப்போகும் நைதரசன் அவற்றுக்கு உதவும். நோயில்லாத கச்சான் கொடியை மாட்டுக்குக் கொடுங்கள் அல்லது கூட்டெருவில் போடுங்கள்.

இந்தக் கிழமை செய்யக்கூடியது மூன்று. காணியில் மூன்று இடத்தில் ஒரு முழம் தோண்டி மண்ணைப் பாருங்கள். நிழலில் ஒரு கூட்டெருக் குவியல் தொடங்குங்கள். வீட்டு வேம்பின் அடியைக் கூட்டித் துப்புரவாக்கி, உதிரும் விதையைச் சேருங்கள். இவற்றுக்குக் காசு வேண்டாம். உங்களில் வயது போனவர்கள் பலருக்கு இந்த மண்ணைப் பற்றி என்னைவிடக் கூடத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டுக் காணியைக் காட்டிக் கேளுங்கள். விதைப்பு நல்லபடி அமையட்டும்.